சம்பளச் சீட்டு இல்லாதவர்களின் நஷ்ட ஈடு

ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்கு முதல் ரயில் ஓடியது 1856 ஜூலை 1ஆம் தேதி. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் அதுதான். அதற்கு முந்தின வருஷம், 1855இல், கம்பெனி அரசு ஒரு சின்னச் சட்டம் போட்டிருந்தது. ஒருவர் செய்த தவறால் இன்னொருவர் உயிர் போனால், செத்தவரின் மனைவியோ கணவனோ, பெற்றோரோ பிள்ளைகளோ அவருக்காக நஷ்ட ஈடு பெறலாம் என்றது அந்தச் சட்டம். ஃபேட்டல் ஆக்சிடென்ட்ஸ் ஆக்ட் என்று பேர். வேலூரில் வக்கீல் குமாஸ்தாவாக நான் சேர்ந்த புதிதில், என் சீனியர் இந்த இரண்டு வருஷங்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டித்தான் எனக்கு எம்.சி.ஓ.பி. வேலையைத் தொடங்கிவைத்தார். எம்.சி.ஓ.பி. என்றால் மோட்டார் விபத்து நஷ்ட ஈட்டு மனு. ரயில் நம் பக்கம் வந்து சேர்வதற்கு முன்பே சட்டம் வந்துவிட்டது, ஆனால் சட்டம் நம் ஜனங்கள் கைக்கு வர நூறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று என்பார்.

அந்தச் சட்டத்துக்கு மூலம் இங்கிலாந்தில் 1846இல் வந்த கேம்ப்பெல் பிரபுவின் சட்டம். அதற்கு முன்னால் அங்கே என்ன நிலைமை என்பதை 1808ஆம் வருஷத்து வழக்கு ஒன்று காட்டும். கணவனும் மனைவியும் குதிரைக் கோச்சு வண்டியின் மேல்தட்டில் உட்கார்ந்து போகிறார்கள். வண்டி கவிழ்கிறது. மனைவி ஒரு மாதம் போல ஆஸ்பத்திரியில் கிடந்து இறந்துபோகிறாள். கணவன் பட்ட காயத்துக்கும், அவள் உயிரோடு கிடந்த நாட்களில் அவள் துணையை இழந்ததற்கும் சேர்த்து 100 பவுண்டு கிடைத்தது. செத்ததற்கு ஒரு காசு இல்லை. ஒரு மனிதர் செத்துப்போனதை நஷ்டம் என்று சிவில் கோர்ட்டில் சொல்லிக் கேட்க முடியாது என்று எல்லன்பரோ பிரபு தீர்ப்புச் சொன்னார். ஆளைக் காயப்படுத்தியவன் பணம் கட்ட வேண்டும், கொன்றவன் கட்ட வேண்டாம். அந்த அநியாயத்தைத் தீர்க்கத்தான் 1846உம் 1855உம் வந்தன.

அப்படி வந்த சட்டத்திலும் ஒரு வாசல் அடைத்தே இருந்தது. மனைவி, கணவன், பெற்றோர், பிள்ளைகள் என்ற அந்தப் பட்டியலில் அண்ணன் தம்பி கிடையாது.

எங்கள் அப்பாவும் சித்தப்பாவும் பேரணாம்பட்டில் தோல் ஷாப்பில் வேலை செய்தவர்கள். அப்பா பட்டைக் குழியில். சித்தப்பா பச்சைத்தோல் இறக்கி எண்ணி அடுக்குகிற இடத்தில். தாத்தா பாட்டி இருவரும் முன்பே போய்விட்டார்கள். சித்தப்பா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எங்கள் பள்ளிக்கூடச் செலவு, அக்காவின் சீர் எல்லாம் அவர் கூலியில்தான். 1970களின் நடுவில் ஒரு சாயங்காலம் குடியாத்தம் ரோட்டில் சைக்கிளில் வந்தவரை உப்புத்தோல் ஏற்றிய லாரி அடித்துவிட்டுப் போனது. லாரியைப் பிடித்தார்கள். டிரைவரையும் பிடித்தார்கள். மறுநாள் ஸ்டேஷனுக்கு எதிரே டீக்கடையில் வைத்துப் பேச்சு நடந்தது. காரியச் செலவுக்கு என்று ஒரு தொகை கொடுத்து, வெள்ளைத் தாளில் அப்பாவிடம் கைநாட்டு வாங்கிக்கொண்டார்கள். "கேஸ் போட்டா எதுனா கிடைக்குமா?" என்று அப்பா கேட்டிருக்கிறார். "நீ அவனுக்குப் பெத்த அப்பனா, புள்ளையா? அண்ணன் தம்பிக்கெல்லாம் சட்டத்துல இடம் இல்ல" என்று பதில் வந்தது.

அப்படிச் சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. அந்த நாளில் பல ஐகோர்ட்டுகளும் அந்த 1855ஆம் வருஷத்துப் பட்டியலையே பிடித்துக்கொண்டிருந்தன. குஜராத்தில் விபத்தில் இறந்த ஒரு சிறுவனின் சகோதரர்கள் போட்ட வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் 1987இல் இதைத் தீர்த்துவைத்தது. இந்தியக் குடும்பத்தில் அண்ணன் தம்பிகளும், சில நேரம் வளர்ப்புப் பிள்ளைகளும் ஒருவர் சம்பாத்தியத்தில் வாழ்கிறார்கள். சட்டப்படியான வாரிசு யாரானாலும் மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ் கேட்கலாம் என்றது. அந்தத் தீர்ப்பின் நகலை நான் ஆபீசில் கட்டி வைத்த நாளில் அப்பா உயிரோடு இல்லை.

இனி லாரிக் கதைக்கு வருகிறேன். 1939ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம்தான் மூன்றாம் நபருக்கான இன்சூரன்சைக் கட்டாயமாக்கியது. அந்தப் பகுதி நடைமுறைக்கு வந்தது 1946 ஜூலையில். பத்து வருஷம் கழித்து, 1956இல் கொண்டுவந்த திருத்தத்தில், விபத்து வழக்குகளுக்கென்று தனித் தீர்ப்பாயம் வந்தது. சென்னை மாநிலத்தின் விதிகள் 1961இல். அதற்கு முன்னால் சிவில் கோர்ட்டில் கேட்கிற தொகைக்குத் தகுந்த கோர்ட் ஃபீஸ் கட்ட வேண்டும். தாலி இழந்து வந்தவள் எதை விற்றுக் கட்டுவாள்? தீர்ப்பாயம் அந்தச் சுமையைக் குறைத்தது. அது பெரிய உபகாரம், மறுக்க மாட்டேன். ஆனால் மனுப் போட முதலில் கொடுத்த கெடு 60 நாள். வேலூர் பெரிய ஆஸ்பத்திரியில் கால் எலும்புக்கு இரும்புக் கம்பி வைத்துப் படுத்திருப்பவன் 60 நாளில் எழுந்து உட்காரவே மாட்டான். 1970இல் கெடுவை ஆறு மாதமாக்கினார்கள்.

இன்சூரன்ஸ் கம்பெனி கட்ட வேண்டிய தொகைக்கும் ஓர் எல்லை இருந்தது. அடித்தது சரக்கு லாரி என்றால், 1956 திருத்தத்தின்படி மொத்தமாக 20,000 ரூபாய். 1969 திருத்தத்தில் 50,000. 1982இல் ஒன்றரை லட்சம். மொத்தம் என்ற அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு, நாலு பேர் செத்தாலும் அந்த 20,000ஐத்தான் நாலாகப் பிரிக்க வேண்டும் என்று கம்பெனிகள் நின்றன. ஆமதாபாத்தில் காரும் லாரியும் மோதிய ஒரு வழக்கில், 1981இல், தலைமை நீதிபதி சந்திரசூட் அந்த வாதத்தைத் தள்ளினார். அடிபட்ட ஒவ்வொருவருக்கும் அது தனி விபத்து. எல்லையும் ஒவ்வொருவருக்கும் தனி என்றார். 1989 ஜூலையில் புதுச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது சாவுக்கும் காயத்துக்கும் அந்த எல்லையே போயிற்று. இன்றைக்கு லட்சக்கணக்கில் தீர்ப்பு வருவதைப் பார்க்கிறவர்களுக்கு, ஒரு லாரி எத்தனை பேரைக் கொன்றாலும் 20,000 ரூபாய் என்று ஒரு காலம் இருந்தது நம்ப முடியாததாக இருக்கும்.

நம் மாநிலத்து வழக்கு ஒன்றையும் சொல்ல வேண்டும். இருட்டில் போன பஸ் ஒன்று தாழத் தொங்கிய உயர் அழுத்த மின்கம்பியில் உரசி 26 பேர் பாதிக்கப்பட்டார்கள். 8 பேர் அங்கேயே இறந்தார்கள். கிரிமினல் கோர்ட்டில் டிரைவர் விடுதலையாகிவிட்டார். அதைக் காட்டி நஷ்ட ஈடு தர முடியாது என்று பஸ் முதலாளி தரப்பு உச்ச நீதிமன்றம் வரை போனது. கருமாய் அம்மாள் வழக்கு என்று நாங்கள் சொல்வோம். 1980இல் நீதிபதி கிருஷ்ணய்யர், டிரைவர் விடுதலையானது நஷ்ட ஈட்டுக்குத் தடையில்லை என்று சொல்லி அந்த முறையீட்டைத் தள்ளினார். இன்றைக்கும் ஆம்பூரில், "டிரைவர விட்டுட்டாங்கண்ணா, இனிமே ஒண்ணும் இல்ல" என்று ஃபைலைத் திரும்பக் கேட்டு வருகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு இந்த வழக்கைத்தான் சொல்லி உட்கார வைப்பேன்.

தோல் தொழிலில் லாரிக்கு அடியில் போனவர்களைப் போலவே, லாரிக்கு மேலே போய்ச் செத்தவர்களும் உண்டு. க்ரோம் வருவதற்கு முன் இந்தப் பக்கம் தோல் பதனிட்டது ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும். கரம்பில் ஆவாரஞ்செடி வெட்டிப் பட்டை உரித்துக் கட்டுக்கட்டாக லாரியில் ஏற்றுவார்கள். உரித்த பெண்களும் அதே கட்டுகளின் மேல் ஏறி வீட்டுக்கு வருவார்கள். வேறு வண்டி கிடையாது. லாரி கவிழ்ந்தால் இன்சூரன்ஸ் வக்கீல் எழுந்து ஒரே வரி சொல்வார்: சரக்கு வண்டியில் ஆள் ஏற அனுமதியில்லை. லோடுமேனுக்குத் தனியாகப் பிரீமியம் கட்டியிருந்தால் அவருக்குக் கிடைக்கும். 1994 திருத்தத்துக்குப் பிறகு சரக்கின் சொந்தக்காரருக்கும் அவர் அனுப்பிய ஆளுக்கும் கிடைக்கும். ஆகவே பச்சைத்தோலோடு கூட வந்த வியாபாரிக்கு வழி பிறந்தது. பட்டைக் கட்டின் மேல் உட்கார்ந்து வந்த கூலிக்காரிக்குப் பிறக்கவில்லை. 2002 கடைசியில் ஆஷா ராணி வழக்கில் மூன்று நீதிபதிகள் அதை முடிவாகச் சொல்லிவிட்டார்கள்: சும்மா ஏறிச் சென்றவர்களுக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பில்லை, லாரிக்காரரிடம் வாங்கிக்கொள்ளுங்கள். லாரிக்காரருக்கு இருப்பது ஒரே லாரி; அதுவும் ஃபைனான்சில் இருக்கும். அவர்மேல் வாங்கிய டிகிரி எங்கள் அலமாரியில் கிடக்கும். சட்டத்தின் தர்க்கம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் அந்தப் பெண்கள் ஆசைக்கு ஏறியவர்கள் இல்லை, வேலைக்கு ஏறியவர்கள் என்பதை எந்தத் தீர்ப்பாவது கணக்கில் எடுத்திருக்கலாம் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

1973க்குப் பிறகு தொழிலின் முகம் மாறியது. பாதி பதனிட்ட தோலை அப்படியே கப்பல் ஏற்றுவதற்கு மத்திய அரசு கட்டுப்பாடு கொண்டுவந்தது. சரக்கை இங்கேயே முடித்து ஷூவாகவும் ஷூவின் மேல்பாகமாகவும் அனுப்ப வேண்டியதாயிற்று. ஆம்பூரில், வாணியம்பாடியில், ராணிப்பேட்டையில், மேல்விஷாரத்தில் ஷூ கம்பெனிகள் எழுந்தன. சுற்றுவட்டாரக் கிராமங்களின் பெண்கள் ஸ்டிச்சிங்குக்கும் ஒட்டுவதற்கும் வந்தார்கள். ஊர் நடுவே போன சென்னை–பெங்களூர் ரோடு, தங்க நாற்கரத் திட்டத்தில் நாலு வழியானது. வண்டியின் வேகம் கூடிற்று. ரோட்டைக் கடந்து வேலைக்குப் போகிறவர்கள் எண்ணிக்கையும் கூடிற்று. ரோட்டுக்கு இந்தப் பக்கம் வீடு, அந்தப் பக்கம் கம்பெனி.

வேலைக்குப் போகிற வழியில் அடிபட்டால் அது வேலையில் பட்ட காயமா? கேரளத்துக் கொரட்டியில் 1971 ஜூனில் ஒரு தொழிலாளி ஷிஃப்டுக்குக் கால் மணி நேரம் முன்னால், ஃபேக்டரிக்கு ஒரு கிலோமீட்டரில், சைக்கிளில் வந்துகொண்டிருந்தார். அடித்தது அவருடைய முதலாளியின் லாரியே. தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ.யில் பணம் கேட்டார். வழக்கு உச்ச நீதிமன்றம் போய் 1996இல் முடிந்தது: ரோட்டில் பட்டது வேலைக்காயம் ஆகாது. இருபத்தைந்து வருஷம் காத்திருந்து கேட்ட பதில் அது. 2010 ஜூனில் இ.எஸ்.ஐ. சட்டத்தில் 51ஈ என்ற பிரிவைச் சேர்த்துத்தான், வீட்டுக்கும் வேலைக்கும் இடையிலான பயண விபத்தும் வேலைக்காயமே என்று ஆக்கினார்கள். அதன் பிறகு இன்சூரன்ஸ் தரப்பு, இ.எஸ்.ஐ. வாங்கிவிட்டாய், இங்கே ஏன் வந்தாய் என்று கேட்க ஆரம்பித்தது. இ.எஸ்.ஐ. சட்டத்தின் தடை முதலாளியிடம் கேட்பதற்குத்தான், ரோட்டில் அடித்த மூன்றாம் ஆளின் லாரிக்கு இல்லை என்பது எங்கள் பதில்.

காயம்பட்டவர்கள் விஷயத்தில் இந்தப் பக்கத்துக்கு ஒரு தனிப் பெருமை உண்டு. வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியின் டாக்டர் மேரி வர்கீஸ் 1954 ஜனவரியில் கார் விபத்தில் தண்டுவடம் அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்வற்றுப் போனார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்யக் கற்றார். அமெரிக்காவில் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி வந்தார். 1966இல் பாகாயத்தில் தொடங்கிய மறுவாழ்வு நிலையம் அவர் முயற்சியின் பலன். ரோட்டில் முதுகு ஒடிந்த எத்தனையோ லாரி டிரைவர்களும் கூலிக்காரர்களும் அங்கேதான் உட்காரவும், நாற்காலியைத் தள்ளவும், ஒரு கைத்தொழில் செய்யவும் கற்றுக்கொண்டார்கள். அடிபட்ட உடம்பால் என்ன முடியும், என்ன முடியாது என்று பார்க்கிற பார்வை நம் ஊர் மருத்துவத்துக்கு அப்போதே வந்துவிட்டது. கோர்ட்டுக்கு அது தெளிவாக வர 2010 ஆயிற்று. அந்த வருஷம் ராஜ்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இது: இடது கை போனால் தச்சருக்கும் டிரைவருக்கும் பிழைப்பே போகும், சர்க்கார் ஆபீஸ் குமாஸ்தாவுக்கு வேலை போகாது. டாக்டர் எழுதுகிற சதவீதத்தை அப்படியே சம்பாத்திய நஷ்டமாக எடுக்காதே, அந்த ஆள் என்ன வேலை செய்தார் என்று பார்.

எங்களிடம் வந்த ஒரு பெண் ஸ்டிச்சிங் லைனில் இருந்தவள். ஷேர் ஆட்டோவை லாரி உரசியதில் வலது கையின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மடங்காமல் போயின. சர்டிபிகேட்டில் இருந்தது சின்ன சதவீதம். சாட்சிக் கூண்டில் இன்சூரன்ஸ் வக்கீல், "சமைக்கிறீங்க இல்ல? புள்ளைக்குத் தலை வாரறீங்க இல்ல?" என்று கேட்டார். அவள் நிதானமாகச் சொன்னாள்: "வாருறன் சார். தோலை ஊசிக்கு அடியில திருப்ப இந்த ரெண்டு வெரலுதான் சார் வேணும்." நீதிபதி அதைத் தன் கையால் எழுதிக்கொண்டார். சம்பாத்திய நஷ்டத்தை டாக்டர் எழுதியதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் வைத்துத் தீர்ப்பு வந்தது.

அந்த வழக்கு ஜெயித்ததற்கு இன்னொரு காரணம் அவளிடம் சம்பளச் சீட்டு இருந்தது. ஷூ கம்பெனி கொடுத்தது. தோல் ஷாப்பில் உருப்படிக் கணக்கில் வேலை செய்கிறவருக்கு அது கிடையாது. மேஸ்திரி ஒரு நோட்டில் எழுதிக்கொள்வார். சனிக்கிழமை பணம் கைக்கு வரும். நோட்டு தீர்ந்ததும் அடுப்புக்குப் போகும். இரண்டு வருஷம் கழித்துத் தீர்ப்பாயத்தில், மாதம் என்ன வருமானம், அத்தாட்சி எங்கே என்று கேட்பார்கள். 1994இல் சட்டத்தோடு சேர்த்த அட்டவணை சம்பாத்தியம் இல்லாதவருக்கு வருஷத்துக்கு 15,000 ரூபாய் என்று போட்டது. அதையே வருஷக்கணக்கில் பிடித்துக்கொண்டிருந்தார்கள். 2011இல் பெங்களூர்ப் பக்கத்துக் கூலித் தொழிலாளி ராமச்சந்திரப்பா வழக்கில்தான், கூலிக்காரரிடம் எழுத்து அத்தாட்சி எதிர்பார்க்க முடியாது, அவர் சொன்ன 4,500 ரூபாய் நியாயமானதே என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. நல்ல தீர்ப்பு. ஆனாலும் அத்தாட்சி இல்லாதவருக்கு நீதிபதியின் ஊகம்தான் வருமானம்.

அந்த ஊகத்தில் எவ்வளவு போகிறது என்று ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். சரளா வர்மா வழக்கு 2009, பிரணய் சேத்தி வழக்கு 2017, இந்த இரண்டும் வகுத்த முறை இது. வயது 32. மாதம் 10,000. நாற்பதுக்குக் கீழே என்பதால் எதிர்கால உயர்வுக்கு 40 சதவீதம் சேர்த்தால் 14,000. அவரை நம்பி நாலு பேர் என்றால் அவருடைய சொந்தச் செலவுக்குக் கால் பங்கு கழித்து 10,500. பன்னிரண்டு மாதத்துக்கு 1,26,000. அந்த வயதுக்குப் பெருக்கும் எண் 16. ஆக 20,16,000 ரூபாய். அதே ஆளுக்குச் சீட்டு இல்லை, கோர்ட் 6,000 என்று வைத்தது என்றால் 12,09,600. லாரி ஒன்றே, சாவு ஒன்றே, விட்டுப்போன பிள்ளைகளும் அவர்களே. சீட்டு இல்லாத குற்றத்துக்கு 8,06,400 ரூபாய் அபராதம் கட்டுகிறார்கள், செய்யாத குற்றத்துக்கு.

இப்போது கெடுவும் திரும்பி வந்துவிட்டது. 1994இல் கெடுவையே எடுத்துவிட்டிருந்தார்கள். நாலு வருஷம் கழித்து வந்தவரையும் நாங்கள் கைவிடவில்லை. 2019 திருத்தம் ஆறு மாதக் கெடுவை மறுபடி வைத்தது. 2022 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. அதே நாளில் சில நல்ல காரியங்களும் வந்தன. அடித்துவிட்டு ஓடிய வண்டி எதுவென்றே தெரியாவிட்டால், சாவுக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000. 1982இல் அது 5,000மும் 1,000மும்தான். போலீஸ் முதல் விபத்து அறிக்கையை 48 மணி நேரத்தில் அனுப்ப வேண்டும்.

2023 செப்டம்பர் 11 விடியலில், தர்மஸ்தலம் போய்த் திரும்பிய வேன் நாட்றம்பள்ளி அருகே டயர் பஞ்சராகி நின்றது. இறங்கி ரோட்டின் நடுத்திட்டில் உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் வந்த மினி லாரி வேனில் மோத, ஆம்பூரை அடுத்த ஓணாங்குட்டையைச் சேர்ந்த 7 பெண்கள் இறந்தார்கள். இப்படி ஒரு ஊரே இழவில் கிடக்கும்போது ஆறு மாதம் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். பதினாறாம் நாள் காரியம், வருஷத் திவசத்துக்கு முன்னால் எதுவும் வேண்டாம் என்பார்கள். வேண்டாம் என்று இருக்காதீர்கள். விபத்து எங்கே நடந்தாலும் நீங்கள் குடியிருக்கிற எல்லையிலுள்ள தீர்ப்பாயத்திலேயே மனுப் போடலாம். வெள்ளைத் தாளில் கையெழுத்தோ கைநாட்டோ போடாதீர்கள். எஃப்.ஐ.ஆர். நகல், ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேட்டின் (ஏ.ஆர்.) காப்பி, பில்கள், வாரிசுச் சான்றிதழ் இவற்றைத் துக்கம் கேட்க வந்த சொந்தத்தில் படித்த பிள்ளை ஒருவரிடம் ஒப்படையுங்கள்.

ஷாப்பு முதலாளிமார்களுக்கும் மேஸ்திரிமார்களுக்கும் ஒரு வேண்டுகோள். சனிக்கிழமை கூலி கொடுக்கும்போது கூடவே ஒரு துண்டுச் சீட்டு கொடுங்கள். பேர், தேதி, தொகை, கையெழுத்து, இந்த நாலும் இருந்தால் தீர்ப்பாயத்துக்கு அது போதும்.